கொல்லைப்புறத்துப் பீப்பாய்

வயலில் ஆயில் என்ஜின் நின்றுவிட்டது என்று ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறவர்கள், வருகிற மனிதன் நேரே என்ஜின் கொட்டகைக்குப் போய் ஸ்பேனரைக் கையில் எடுப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவிலுள்ள கிராமங்களில் ஆயுளின் பெரும்பகுதியை என்ஜின் பழுது பார்ப்பதிலேயே செலவிட்ட நான், அந்த எதிர்பார்ப்புக்கு மாறாக, முதலில் வீட்டுக்குப் போய் டீசல் பீப்பாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதையே வழக்கமாகக் கொண்டிருந்தேன். ஏனென்றால், என் மேஜைக்கு வந்த நாசில்களிலும் பம்பு எலிமென்ட்டுகளிலும் உழைத்துத் தேய்ந்தவை சொற்பம். கொல்லைப்புறத்துப் பீப்பாயில் பிடித்த நோயை வயலில் வெளிப்படுத்தியவையே அதிகம். டீசலை வீட்டில் சேமித்து வைப்பது தனியானதொரு தொழில் என்பதையும், அந்தத் தொழிலின் சாரமெல்லாம் தண்ணீரை எண்ணெய்க்குத் தூரமாக நிறுத்துவதிலேயே அடங்கியிருக்கிறது என்பதையும் அந்த நாசில்களே எனக்குக் கற்பித்தன.

ஆற்றுப் பாசனத்துக்குப் பேர்போன காவிரி டெல்டாவில் இத்தனை வீடுகளில் டீசல் பீப்பாய் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மேட்டூர் அணையைத் திறப்பதற்கு ஜூன் 12 என்று வழக்கமாக ஒரு தேதி உண்டென்றாலும், அணையில் நீர் இருந்தால்தான் அந்தத் தேதிக்கு அர்த்தம்; திறந்த நீரும் கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேருகிற வரையில் குறுவை நாற்றங்கால் காத்துக்கொண்டிராது. அவ்வாறே சம்பா கதிர் வாங்குகிற தை மாதத்தில் ஆறு வற்றிவிட்டால், இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் பிழைக்கிற பயிரைக் கண்ணெதிரே காயவிட எந்தக் குடியானவனுக்கும் மனம் வராது. ஆகையால் நல்ல நிலத்தடி நீர் உள்ள ஊர்களில் பில்டர் பாயிண்ட் கிணறு இறக்கியும், கடலை ஒட்டிய உப்புநீர்ப் பிரதேசங்களில் வாய்க்காலிலும் வடிகாலிலும் தேங்கிய நீரில் குழாயைப் போட்டும் என்ஜின் வைத்து இறைத்தார்கள். மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு ஐந்து குதிரைச் சக்தி என்ஜினே கதி. அது முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலாகக் குடிக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 200 லிட்டர்ப் பீப்பாய் பதினெட்டு நாட்களுக்குக் காணும். பங்க் இருக்கிற ஊருக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்த் திரும்பினால் ஒரு பகல் வீணாகும் என்கிற நிலையில், பீப்பாய் பீப்பாயாக வாங்கி வீட்டில் வைப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியதும் எங்கள் ஊர் டீக்கடையில் விவாதிக்கப்பட்ட விஷயங்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகு, ஒரு பீப்பாய் வைத்திருந்தவர் இரண்டு வைத்தார், இரண்டு வைத்திருந்தவர் மூன்றாவதற்கு இடம் தேடினார்.

எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர் ஒரு நெல் ஆலையில் ரஸ்டன் என்ஜினோடு வாழ்ந்தவர். ஆலை முதலாளியிடம் அவர் பேசும்போது, "ஐயா, என்ஜின் எதைக் கொடுத்தாலும் தின்னும், ஆனால் அழுக்கைத் தின்னாது" என்பார். இதில் சரித்திர உண்மையும் உண்டு என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. ருடால்ப் டீசல் கண்டுபிடித்த வகை என்ஜின் ஒன்று 1900-இல் நடந்த பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. எரியக்கூடிய எண்ணெயாக இருந்தால் அந்த இயந்திரம் அவ்வளவாகப் பேதம் பாராட்டுவதில்லை. ஆனால் அந்த எண்ணெயைத் தூள் தூளாகச் சிதற அடிக்கிற நாசிலின் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். மனிதத் தலைமயிர் ஒன்று அந்த இடைவெளியைப் போல் இருபது முப்பது மடங்கு கனமானது. இத்தனை சூட்சுமமான உறுப்புக்குள், துருப்பிடித்த பீப்பாயின் அடியில் கிடந்ததைக் கேனில் முகந்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்த்தாலே போதும்.

பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே காரியம் தொடங்குகிறது. புதிதாகப் பீப்பாய் வாங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் அபூர்வம். லாரி ஷெட்டிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடைத்த காலிப் பீப்பாய்தான் வீட்டுக்கு வரும். அது முன்பு என்ன சுமந்தது என்று விசாரிப்பது முதல் கடமை. மசகு எண்ணெய் வந்த பீப்பாய் உத்தமம். பூச்சிமருந்து, அமிலம், பெயின்ட் ஆகியவை இருந்ததை எத்தனை முறை கழுவினாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. பெட்ரோல் இருந்ததானால் அதைவிட மோசம்: அடியில் தங்கிய சிறிதளவு பெட்ரோலும் மேலே ஊற்றுகிற டீசலின் சுபாவத்தை மாற்றி, எளிதில் தீப்பற்றுகிற வஸ்துவாக ஆக்கிவிடும். உள்ளே துரு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தீக்குச்சி கிழித்துக் காட்டுகிற மூடத்தனத்தைச் சிலரிடம் கண்டு நான் பதறியிருக்கிறேன். வெயிலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, சூரிய வெளிச்சத்தை மூடித்துவாரத்தின் வழியே உள்ளே திருப்பினால், அடித்தகடு முழுவதும் பளிச்சென்று தெரியும். இதைப் பெரியவரிடம் நான் கற்றுக்கொண்டேன்.

துத்தநாகம் பூசிய பீப்பாய் துருப்பிடிக்காது, ஆகையால் அதுவே சிறந்தது என்கிற அபிப்பிராயம் படித்தவர்களிடமும் உண்டு. தண்ணீருக்கு அது சரி. டீசலுக்கு அது தீங்கு. எண்ணெயில் இயல்பாக உள்ள, அல்லது நாள்பட உண்டாகிற அமிலப் பொருள்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போன்ற ஒரு பசையை உண்டாக்க, அது எண்ணெயிலேயே கரைந்து போய்ப் பில்டரை அடைக்கிறது, நாசிலின் நுனியில் படிகிறது. பில்டரை மாற்றிய மறுவாரமே மறுபடியும் அடைத்துக்கொள்கிறது என்று ஒருவர் வந்து புலம்பினால், "டாங்கி வெள்ளைத் தகடா?" என்று நான் கேட்பேன், பல சமயங்களில் ஆம் என்ற பதில் வரும். செம்புக் குழாயும் அவ்விதமே. செம்பு தான் கரைவதைவிட, காற்றோடு சேர்ந்து எண்ணெய் பிசினாக மாறுகிற கிரியையை வேகப்படுத்துகிறது. சாதாரணக் கறுப்பு இரும்பே டீசலுக்கு ஏற்றது. வெயில் படாத இடத்தில் வைப்பதானால் எண்ணெய்க்கென்றே செய்த கெட்டியான பிளாஸ்டிக் கேனையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைக் கேனை மொட்டை மாடியில் வைப்பவர் எண்ணெயையும் கெடுத்து, கேனையும் விரிசல் விடச் செய்கிறார்.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீப்பாயை நிமிர்த்தி வைத்து, மூடியை இறுகத் திருகிவிட்டால் மழைநீர் உள்ளே போகாது என்பது பெரும்பான்மையோரின் நம்பிக்கை. ஐப்பசி மாதத்தில் எங்கள் பிரதேசத்தில் காலை வெயில் சுள்ளென்று அடித்து, பிற்பகலில் வானம் இருண்டு கொட்டும். வெயிலில் சூடேறிய பீப்பாயின் மேற்பகுதியிலுள்ள காற்று விரிந்து, வாஷர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருகுமரையின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்போது மழை விழுந்து, பீப்பாயின் தலைத்தகட்டைச் சுற்றியுள்ள விளிம்புக்குள் இரண்டு விரற்கடை நீர் குளமாகத் தேங்கி நிற்கும். அந்த நீர் தகட்டைக் குளிரவைக்க, உள்ளேயுள்ள காற்று சுருங்கி, வெளியே போனதற்கு ஈடாக எதையாவது இழுத்துக்கொள்ளப் பார்க்கும். மூடியின் மேல் காற்று இல்லை, தண்ணீர்தான் நிற்கிறது. ஆகையால் அது தண்ணீரையே உறிஞ்சுகிறது. இவ்விதம் வெயிலும் மழையுமாகப் பீப்பாய் மூச்சு விட்டு மூச்சு வாங்கினால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மூடியைத் தொடாமலேயே உள்ளே லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்துவிடும். "பூட்டிய பீப்பாய்க்குள் தண்ணீர் எப்படி வந்தது? பங்கிலேயே கலந்து விட்டான்" என்று பங்க்காரர் மேல் பழி போட்ட வீடுகளில், பீப்பாயின் தலையில் வட்டமாகப் படிந்திருந்த மழைநீர்க் கறையைக் காட்டி உண்மையை விளங்கவைப்பதே எனக்குப் பெரும் வேலையாக இருந்தது.

பரிகாரம் எளிது. பீப்பாயைப் படுக்கவைத்து, அதன் இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், இடமும் வலமுமாக இருக்கும்படி உருட்டி நிறுத்திவிட்டால், மூடிகளின் உட்புறத்தில் எண்ணெயே நிற்கும். மூச்சு வாங்க வழியில்லை, நீர் தேங்கவும் இடமில்லை. நிறைந்த பீப்பாய் ஏறத்தாழ 185 கிலோ கனக்கும் என்பதால், இதற்குப் பனங்கட்டைகளை இணையாகப் போட்டு, இருபுறமும் ஆப்பு வைத்து மேடை கட்டுவித்தேன். குழாய் பொருத்திய முகம் பின்முகத்தைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கும்படி மேடையை அமைத்தால், உள்ளே வந்த நீரும் கசடும் பின்னால் போய்த் தங்கி, குழாய் வழியே தெளிந்த எண்ணெய் மட்டுமே இறங்கும். தவிர்க்க முடியாமல் நிமிர்த்தி வைத்தால், ஒரு பக்கத்து அடியில் கட்டை கொடுத்துச் சாய்த்து, மூடிகள் இரண்டும் சாய்வின் குறுக்கே இருக்கும்படி திருப்பிவைத்தால் நீர் தாழ்ந்த விளிம்பில் தேங்கி மூடிக்கு எட்டாமற் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக நிழல் வேண்டும். பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் 200 லிட்டர் டீசல் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெருக்கும். ஆகவே கழுத்து வரையில் நிரப்பிய பீப்பாயை வெயிலில் வைத்தால் மரையின் வழியே கசிவது நிச்சயம்.

அடியில் தங்கிய நீர் சும்மா இருப்பதில்லை. டீசல் தண்ணீரைவிட இலேசானதாகையால் மேலே எண்ணெயும் கீழே நீருமாக இரண்டும் பிரிந்து நிற்க, அவை சந்திக்கிற எல்லைக்கோட்டில் ஜீவராசிகள் குடியேறுகின்றன. நீரில் வாழ்ந்து எண்ணெயை உண்கிற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உண்டென்று ஒரு விவசாயக் கல்லூரி மாணவர் எனக்கு விளக்கியபோது, அதுவரையில் நான் அழுக்கு என்று பெயரிட்டு அள்ளிக் கொட்டிய வழவழப்பான கறுப்புப் படலம் என்னவென்று புரிந்தது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்கிற பூஞ்சை இவற்றில் பிரசித்தமானது. ஜெட் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளிலேயே வளர்ந்து பொறியியலாளர்களைக் கவலைக்குள்ளாக்கியது. இருபத்தைந்து முப்பது டிகிரி உஷ்ணம் அதற்கு உகந்தது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் டெல்டாவின் மழைக்காலம் முழுவதுமே அதற்கு வசந்தம். அது விடுகிற அமிலம் பீப்பாயின் அடித்தகட்டை அரித்துக் குழிகுழியாக்குகிறது. அதன் உடல் சிதைந்து இழைகளாகப் பில்டரை மூடுகிறது. என்ஜின் சுமையில்லாமல் ஓடுகிறபோது நன்றாக ஓடி, பம்பு நீரைத் தூக்கத் தொடங்கியதும் மூச்சுத் திணறி நின்றால், பில்டரைக் கழற்றி முகர்ந்து பார்ப்பேன். டீசல் வாடையோடு சாக்கடை வாடையும் கலந்து வந்தால், பீப்பாயைக் காலி செய்து கழுவாமல் எத்தனை பில்டர் மாற்றினாலும் பயனில்லை.

அந்த நீர் என்ஜினின் டீசல் பம்புக்குள்ளேயே போய்விட்டால் சேதம் வேறு விதமானது. ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்த பம்பு எலிமென்ட்டுக்கும் நாசிலுக்கும் டீசல்தான் மசகு. அந்த இடத்தில் நீர் வந்தால் எஃகு எஃகோடு நேரடியாக உராய்கிறது. இரவில் நிறுத்திய என்ஜினில் அந்த நீர் துருவாகி, காலையில் ஊசி உறைக்குள் ஒட்டிக்கொள்கிறது. ஓடுகிற என்ஜினிலோ, சூடான நாசில் நுனியில் நீர்த்துளி சட்டென்று ஆவியாகி வெடித்து நுனியையே பிளக்கக்கூடும். இவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினால், அதுவரையில் அலட்சியமாக இருந்த குடியானவரும் மௌனமாகப் பீப்பாயைப் பார்க்கத் தொடங்குவார்.

எடுத்து ஊற்றுகிற முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியில் வந்து இறங்கிய பீப்பாயை அன்றைக்கே தொடக்கூடாது. ஒரு நாளாவது அசையாமல் கிடந்து தெளிய வேண்டும். கைப்பம்பு போடுகிறவர்கள் அதன் குழாயை அடித்தகட்டில் முட்டவிடாமல், நான்கு விரற்கடை மேலே நிற்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் அளவுகோலின் நுனியில் தடவுகிற ஒரு பசை உண்டு; நீர் பட்டால் அது நிறம் மாறும். அது கிடைக்காத இடத்தில், அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தாலே நீர் தனியே நிற்பது தெரியும். என்ஜின் டாங்கியில் ஊற்றும்போது புனலில் நெருக்கமான கம்பிவலையும், அதன் மேல் பதப்படுத்திய மெல்லிய தோலும் விரித்து, தோலை முதலில் டீசலில் நனைத்துக்கொண்டால், அது எண்ணெயை விட்டு நீரைத் தடுத்துவிடும். பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டுவது வேண்டாம். அதன் நூலிழைகளே பில்டருக்குப் போகும்.

ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி டீசலை இறக்குகிற வழக்கத்தை மட்டும் நான் எந்த வீட்டிலும் பொறுத்துக்கொண்டதில்லை. வயிற்றுக்குள் போனதைவிட, இருமலோடு சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்குகிற சில துளிகளே ஆபத்தானவை. அவை நுரையீரலைப் புண்ணாக்கி, அன்றிரவோ மறுநாளோ மூச்சுத் திணறலையும் ஜுரத்தையும் உண்டாக்குகின்றன. விழுங்கியவனை வாந்தி எடுக்கச் செய்யலாம் என்று உப்புநீர் கொடுப்பவர்கள், அந்த எண்ணெய் மறுபடியும் மூச்சுக்குழலில் புகுவதற்கு வழி செய்கிறார்கள். காலதாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஒன்றே செய்யத்தக்கது. ஒரு கைப்பம்பின் விலை, உறிஞ்சுகிறவனின் நுரையீரலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கதன்று.

தீயைப் பற்றி ஜனங்கள் கொண்டிருக்கிற எண்ணம் பாதி உண்மையானது. பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகக் கேடு விளைவிப்பதை இதில் கண்டேன். டீசலில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும் என்று சொல்லி, கொட்டாங்கச்சியில் ஊற்றிச் செய்தும் காட்டுவார்கள். குளிர்ந்த எண்ணெயில் அது அணைவது மெய்தான். ஆனால் நம் நாட்டு டீசலுக்கு விதித்துள்ள தரம், அதன் ஆவி தீப்பற்றுகிற உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்றுதான் சொல்கிறது. சித்திரை மாதத்து வெயிலில் தகடு அதைவிட எவ்வளவு அதிகமாகக் கொதிக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தவர் அறிவர். மேலும், குளமாக நிற்கும்போது பற்றாத எண்ணெய், வைக்கோலிலோ சாக்குத் துணியிலோ ஊறிவிட்டால் விளக்குத் திரியில் ஏறிய எண்ணெயாகவே எரியும். எங்கள் வீடுகளில் பீப்பாய்க்குக் கிடைக்கிற இடமோ பெரும்பாலும் மாட்டுக்கொட்டகைக்கும் வைக்கோற்போருக்கும் நடுவில்தான். அதை மாற்றச் சொல்லி நான் வாதாடிய வீடுகள் அநேகம். அடுப்படிக்கும் சுவாமி விளக்குக்கும் வைக்கோற்போருக்கும் எட்டத்தில், கீற்றுக் கூரை வேயாத தனிச் சார்ப்பில், சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்கு மண்ணோ செங்கல்லோ வரப்பாகக் கட்டி, கசிந்தால் அதற்குள்ளேயே நிற்கும்படி செய்து, பக்கத்தில் இரண்டு வாளி உலர்ந்த மணல் வைக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றக்கூடாது. எரிகிற டீசல் நீரின் மேல் மிதந்து, நீர் ஓடுகிற பக்கமெல்லாம் தீயைக் கொண்டுபோகும்.

1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், இப்போது நடைமுறையிலுள்ளபடி, இந்த எண்ணெய்களை ஆவி தீப்பற்றும் உஷ்ணநிலையைக் கொண்டு மூன்று வகுப்புகளாகப் பிரித்து, டீசலை இரண்டாம் வகுப்பில் சேர்க்கிறது. ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்தக் கொள்கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் வேண்டியதில்லை. முதல் வகுப்பைச் சேர்ந்த பெட்ரோலுக்கு இந்த விலக்கு 30 லிட்டரோடு நின்றுவிடுகிறது என்பதிலிருந்தே இரண்டுக்கும் உள்ள தாரதம்மியம் விளங்கும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் குழந்தைகள் விளையாடுகிற கொல்லையில் பன்னிரண்டு பீப்பாய் அடுக்குவது விவேகமாகாது. அணை திறக்கிற வரையில் நாற்றங்காலைக் காப்பாற்ற ஐந்து குதிரைச் சக்தி என்ஜினுக்கு இரண்டு பீப்பாய் தாராளம். அதற்கு மேல் கேட்டவர்களிடம் நான் ஒத்துழைத்ததில்லை.

நிறைந்த பீப்பாயைக் கண்டு அஞ்சுகிறவர்கள் காலிப் பீப்பாயைக் கண்டு அஞ்சுவதில்லை. இந்த விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. பக்கத்து ஊரில், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்வதற்காகப் பழைய டீசல் பீப்பாயை நெடுக்கில் அறுக்க, ஓர் இளைஞன் காஸ் கட்டரை அதன் மேல் காட்டிய கணத்தில், அடித்தகடு பிய்ந்து பறந்து அவனுடைய முகத்தில் அடித்தது. உயிர் பிழைத்தான், கண் போயிற்று. நிறைந்த பீப்பாயில் எண்ணெய்க்கு மேல் காற்றுக்கு இடம் கொஞ்சம். காலிப் பீப்பாயிலோ உள்ளே முழுவதும் காற்று, சுவரிலும் மடிப்பிலும் ஒட்டிய எண்ணெய் சில கரண்டி. ஜ்வாலை பட்டதும் அந்தச் சில கரண்டியும் ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான ஆவியே வெடிப்பதற்குப் போதுமானது. டீசல் வெடிக்காது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? அறுத்தே தீர வேண்டுமானால், சலவைச் சோடாவும் வெந்நீரும் கொண்டு பலமுறை அலசி, பிறகு வெட்டுகிற கோடு வரையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, இந்த வேலை தெரிந்தவர்தான் தொட வேண்டும். பீப்பாயை அறுக்கிற ஒவ்வொரு பட்டறையிலும் நான் வலியப் போய் இதைச் சொல்லியிருக்கிறேன். அழைக்காத இடத்துக்குப் போய்ப் புத்தி சொல்கிறான் என்று முகம் சுளித்தாலும் சொல்வதை விட்டதில்லை.

வாங்கிய எண்ணெயை எத்தனை நாள் வைக்கலாம் என்பது அடிக்கடி வருகிற கேள்வி. நிழலில், நீரில்லாமல், நிறையவே வைத்திருந்தால் ஒரு வருஷம் தாங்கும். வெயிலிலும் பாதிக் காலியாகவும் கிடந்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே நிறம் கறுத்து, பிசின் வாடை வரத் தொடங்கும். பாதிக் காலியான பீப்பாயில் காற்று அதிகம். அந்தக் காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிரில் உட்சுவரில் வியர்த்து இறங்கும், பிராணவாயு எண்ணெயோடு சேர்ந்து பிசினை உண்டாக்கும். ஆகவே இரண்டு பீப்பாயிலும் பாதிப் பாதி வைப்பதைவிட ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதைத் திறப்பது நல்லது. வாங்கிய தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் முகத்தகட்டில் எழுதச் சொல்வேன். முன்னால் வந்தது முன்னால் போக வேண்டும். கந்தகம் மிகுந்திருந்த பழைய டீசலில் பழகிய கைகளுக்கு, 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த, பத்து லட்சத்தில் பத்துப் பங்கே கந்தகம் உள்ள எண்ணெய் மூக்குக்கே வேறாகத் தெரிந்தது. புகை குறைந்தது பெரிய நன்மை. ஆனால் அந்த எண்ணெயைக் குடிப்பதற்கென்று செய்த புதிய டிராக்டர்களின் நாசில்கள், பழைய ஐந்து குதிரைச் சக்தி என்ஜின் சகித்துக்கொண்ட அழுக்கில் நூறில் ஒரு பங்கைக்கூடச் சகிப்பதில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரையேறியபோது, எங்கள் மாவட்டங்களில் தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற வழியில்லாமல் ஜனங்கள் குடத்தோடு அலைந்தார்கள். எங்கெங்கோ மூலையில் கிடந்த ஜெனரேட்டர்களையும் பழைய என்ஜின்களையும் வெளியே இழுத்து, கைக்குக் கிடைத்த டீசலை ஊற்றினார்கள். அவற்றில் பல, முதல் ஒரு மணி நேரத்திலேயே நின்றுபோயின. இலவச மின்சாரம் வந்த பிறகு மறந்துபோன பீப்பாய்களின் அடிக்கசடு அவற்றின் பில்டரில் இருந்தது. வயது காரணமாகத் தொழிலை விட்டிருந்த நான் மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு தெருவில், பனங்கட்டை மேடையில் படுக்கவைத்து, தேதி எழுதி, வருஷந்தோறும் மாற்றி வந்த ஓர் அம்மாளின் பீப்பாய் இருந்தது. கணவர் காலமான பிறகு அவரே அதைப் பராமரித்துவந்தார். "அவங்க இருந்தப்போ மேஸ்திரி நீங்க சொன்னபடியே வச்சிருக்கேன்" என்று அவர் சொன்னார். அந்த எண்ணெய் அந்தத் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் குடிநீர் ஏற்றியது; ஜெனரேட்டர் ஒரு தடவைகூட இடையில் நிற்கவில்லை.

கடைசியாக, அடியில் மிஞ்சுகிற கசடைப் பற்றி ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஒரு முறை, சம்பா அறுவடை முடிந்து பீப்பாய் தீருகிற சமயத்தில், அதை முன்பக்கம் சாய்த்து அடியிலுள்ளதை ஒரு வாளியில் முழுவதும் வடித்துவிட வேண்டும். அதை வாய்க்காலிலோ கொல்லையிலோ கொட்டுகிறவர்கள், நம் பக்கத்தில் குடிநீர் பத்துப் பதினைந்து அடியிலேயே கிடைக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மணலில் இறங்கிய டீசல் பல வருஷங்கள் கைப்பம்பு நீரில் வாடை வீசும். வாளியில் தெளிந்த மேல் எண்ணெயைத் தோலில் வடித்து, புது எண்ணெயில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து பழைய என்ஜினில் எரித்துவிடலாம். அடியிலுள்ள நீரும் பூஞ்சையும் கலந்த சேற்றை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவைத்து, லாரி ஷெட்டில் கழிவு எண்ணெய் எடுக்க வருகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் காசு தரமாட்டார். சில சமயம் கேட்கவும் செய்வார். கொடுத்துவிட்டு வர வேண்டும்.